பழுப்பு ஏறாத செல்கள்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி குற்றாலிங்கத்துக்கு இன்று அறுவை சிகிச்சை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி. நண்பகலுக்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியெடுத்த உறுப்பைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து உறவினருக்குக் காட்டுவார்கள். பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "லேப்ல குடுத்துருங்க" என்று அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். நோயியல் மருத்துவனான நான் இத்தனை ஆண்டுகளாக அந்த டப்பாக்களை மறுமுனையில் வாங்கிப் பழகியவன். ஜவுளிக்கடைப் பையில் வரும். டவுன் பஸ்ஸில் மடியில் அமர்ந்து வரும். ஃபார்மலின் போதாமல் உள்ளே அழுகத் தொடங்கிய திசுவும் வரும். அவற்றை அனுப்பியவர்களை நான் எழுத்து மூலம் கண்டித்ததுண்டு.

இன்று உறவினர் வரிசையில் நின்றேன். தம்பி மனைவி வடிவு தட்டைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டப்பாவை நானே வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்துக்கு வந்து குடலைத் திறந்து, அலசி, அட்டையில் விரித்து ஊசி குத்தி, வேண்டிய அளவு ஃபார்மலினில் அமிழ்த்தினேன். இவ்வளவு செம்மையாகப் பதப்படுத்தப்பட்ட குடல் இவ்வாண்டில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததில்லை. இதைப் பதிவு செய்துவைப்பது முறை.

மார்ச் 5, புதன்

உறவினரின் திசுவை ஒரு மருத்துவர் தாமே ஆய்ந்து கையொப்பமிடலாகாது. எங்கள் ஆய்வகத்துக்கு இவ்விதியை எழுதியவன் நான். ஆனால் உடன் பணிபுரியும் டாக்டர் ஷாகிதா மக்காவுக்கு உம்ரா சென்றிருக்கிறார். ரம்ஜான் கழிந்தே திரும்புவார். மதுரைக்கு அனுப்பினால் வீண் தாமதம். ஆகவே முதற்பார்வை நான் பார்ப்பது என்றும், அவர் வந்ததும் மறுபார்வைக்கு அவரிடம் கொடுப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். இது விதியை மீறுவதாகாது; ஒத்திவைப்பதாகும்.

மார்ச் 11, செவ்வாய்

கட்டி குடற்சுவரைத் துளைத்திருக்கிறது. ஆனால் நிணநீர்க் கணுக்கள் எதிலும் புற்று இல்லை. இரண்டாம் நிலை. ஒரே குறை, கொழுப்பை எவ்வளவு துழாவியும் ஒன்பது கணுக்களே கிடைத்தன. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தால் நோய் சற்று அபாயமானதாகவே கருதப்படும்; மாத்திரை வடிவில் கீமோ கொடுப்பதுண்டு.

வார்டில் போய்ச் சொன்னேன். குற்றாலிங்கம் டவுனில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். எதையும் அந்தக் கணக்கில்தான் பேசுவான்.

"என்னண்ணே, லைசென்ஸ் கெடச்சிட்டா, இல்ல மறுபடியும் எட்டு போடணுமா?"

"பெரும்பாலும் பாஸ்தான். இன்னும் ஒரு சோதனை இருக்கு."

"நீதான பாக்க? அப்ப சரி. வேற எவனும் பாத்தாதான் நான் பயப்படணும்."

புற்றுநோய் மருத்துவர் செல்வின் அந்தச் சோதனையைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு செல்லும் பிரியும்போது தன் மரபணுவைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் பிழை நேரும். அப்பிழைகளைத் திருத்த நான்கு புரதங்கள் இருக்கின்றன. கட்டியில் அந்நான்கும் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டும். புரதம் இருந்தால் செல்லின் கருவில் பழுப்பு ஏறும். இல்லையேல் நீலமாகவே நிற்கும். நான்கும் இருந்தால் மாத்திரை பயன் தரலாம். ஏதேனும் இல்லையென்றால் இந்த நிலையில் அந்த மாத்திரையால் பயனில்லை. துன்பம் மட்டுமே மிஞ்சும்.

மார்ச் 17, திங்கள்

சாயம் வந்தது.

இரண்டு புரதங்களுக்குப் பழுப்பு நன்றாக ஏறியிருக்கிறது. மற்ற இரண்டில், எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகியவற்றில், கட்டியின் செல்கள் ஒன்றுகூடப் பழுப்பாகவில்லை. அவற்றுக்கு நடுவே நிற்கும் சாதாரண நிணநீர்ச் செல்கள் மட்டும் நல்ல பழுப்பாக இருக்கின்றன. சாயம் சரியாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. மாணவர்களுக்குக் காட்டத் தகுந்த ஸ்லைடு.

இவ்விரண்டும் சேர்ந்து இல்லாமற்போனால் அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த குறை. தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ வந்திருக்கும். எங்கள் தகப்பனார் நாற்பத்தேழு வயதில், வயிற்றுக் கட்டி என்று மட்டும் சொல்லப்பட்ட ஒன்றினால் இறந்தார். உடன்பிறந்தாருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. இத்தகைய அறிக்கைகளின் கீழ், "நோயாளியின் இரத்த உறவினர் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம்" என்று ஒரு வாக்கியம் சேர்ப்பேன். அது எங்கள் கணினியில் தயாராகவே இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து உட்காரும்.

மாலையில் டாக்டர் ஆவுடையப்பன் வீட்டிலிருந்து அழைப்பு. என் மகள் தாரணியை அவர் மகன் ஹரிஹரனுக்குக் கேட்டிருக்கிறார்கள். பங்குனி கழியட்டும், சித்திரையில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார். என் மனைவி கோமதிக்கு மகிழ்ச்சி. ஆவுடையப்பன் தம்பிக்கு அறுவை நடந்த மருத்துவமனையில் ஸ்கேன் பார்ப்பவர். வியாழன்தோறும் புற்றுநோயாளிகளின் அறிக்கைகளை உரக்க வாசித்து விவாதிக்கும் கூட்டத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் அமர்பவர்.

அறிக்கையை இன்று அச்சிடவில்லை. நேரமாகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்லைடை மறுபடி பார்த்ததில் ஐயம் தோன்றுகிறது. திசு சரியாகப் பதப்படாதிருந்தால் சாயம் ஏறாமற்போகக் கூடும். ஐயமிருப்பின் மறுமுறை செய்க என்பது விதி. டெக்னீஷியன் ஜெபாவிடம் மறுமுறை செய்யச் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

கூட்டத்தில் தம்பியின் பெயர் வந்தது. "திசு சரியாகப் பதப்படவில்லை, சாயத்தை மறுமுறை செய்கிறோம்" என்றேன். ஆவுடையப்பன் தலையசைத்தார். "எங்க ஆஸ்பத்திரியில டப்பாவை சொந்தக்காரங்க கையில குடுக்குதத நிறுத்தணும் டாக்டர், எத்தனை மட்டம் சொல்லியாச்சு" என்று எனக்காகப் பரிந்தும் பேசினார்.

மார்ச் 22, சனி

மறுமுறையும் அதுவே. வேறொரு பகுதியிலிருந்து சீவல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 29, சனி

மூன்றாம் முறையும் அதுவே.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் செல்வின் தொலைபேசினார். "சார், மார்க்கர் ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்துட்டு இருக்கேன். அறுவை முடிஞ்சு ஒரு மாசம் ஆகப் போவுது. இதுக்கு மேல தள்ள முடியாது."

"இன்னும் தெளிவில்லை" என்றேன்.

"அப்ப நாலும் இருக்குன்னு வச்சுக்கிட்டு மாத்திரையை ஆரம்பிச்சிருதேன். ரிப்போர்ட் வந்தா நிறுத்திக்கலாம். உங்களுக்குச் சரிதான?"

மருத்துவ முடிவு அவருடையது. அதில் நோயியல் மருத்துவன் தலையிடலாகாது. "உங்கள் விருப்பம்" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஷாகிதா பணிக்குத் திரும்பினார். எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். "உங்க தம்பிக்காகவும் துஆ செஞ்சேன் சார். அவர் ஸ்லைடு எதுவும் நான் பாக்கணுமா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிட்டு" என்றேன்.

பழம் மிக இனிப்பாக இருந்தது. பாதியை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

தம்பிக்கு மாத்திரை தொடங்கியது. காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பின். இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்தம், பிறகு மறுபடியும்.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டு மோட்டார் பழுது. ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வழக்கம் இவ்வூரில் அருகி வருகிறது.

ஏப்ரல் 16, புதன்

மே ஒன்பதாம் தேதி நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. கோமதி, "எதுனாலும் நிச்சயம் முடியட்டும். அதுவரைக்கும் நல்லது கெட்டது எதையும் இழுத்துப் போடாதிய" என்றாள். வீட்டுக்கு வெள்ளையடிப்பதைக் குறித்துச் சொன்னாள். அவளுக்கு வேறெதுவும் தெரியாது.

மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். வாயெல்லாம் புண். மோரைக்கூட ஸ்பூனால்தான் விடுகிறாள் வடிவு. தாரணி தினமும் பேங்க் விட்டதும் நேரே அங்கே போய்விடுகிறாள். சித்தப்பாவுக்குச் சாத்துக்குடி பிழிந்து, ஆறவைத்து, துளித்துளியாகக் கொடுக்கிறாளாம். பதிலுக்கு அவன் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறான். வாய்ப்புண்ணோடு பேச முடியாததால் சைகையிலேயே கியர் சொல்லிக்கொடுக்கிறான் என்று சிரித்தாள்.

"வயித்தாலையும் போவுது அத்தான்" என்றாள் வடிவு என்னிடம் தனியாக. "ராத்திரி பூரா தூக்கமில்ல. ஆனா ஒரு வார்த்தை சொல்லுதாவளா? அண்ணன் பாத்துத்தான் எல்லாம் நடக்கு, சும்மா இருன்னு என்னையத்தான் வையுதாவ."

ஏப்ரல் 20, ஞாயிறு

முதற்சுற்று முடிந்தது. இந்தச் சுற்றின் இறுதியிலேனும் அறிக்கையை வெளியிட்டிருக்கலாம். கூட்டம் வியாழன்தோறும் நடக்கிறது. நிச்சயம் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய வியாழன்வரைதான் இது. பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டேன்.

இதை எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். அடித்துவிட எண்ணினேன். நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது என் வழக்கம்.

ஏப்ரல் 28, திங்கள்

இரண்டாம் சுற்று தொடங்கியது.

மே 1, வியாழன்

விடுமுறை. கூட்டமில்லை. மனம் இலேசாக இருந்தது. அது இலேசாக இருந்ததைக் கவனித்தேன்.

மே 4, ஞாயிறு

நிச்சயத்துக்கான ஏற்பாடுகளைப் பேச எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். தம்பி மெலிந்துவிட்டான். உள்ளங்கைகள் சிவந்து, விரல் நுனிகளில் தோல் வெடித்து உரிந்துகொண்டிருக்கிறது. பாதங்களும் அப்படியே, செருப்பில்லாமல் நடக்க முடியவில்லை. மாத்திரையால் வருவது; எனக்குத் தெரிந்ததுதான்.

"தட்டு நாந்தான் மாத்துவேன்" என்றான். "அண்ணன் பொண்ணு நிச்சயத்துல சித்தப்பன் மாத்தாம வேற யாரு மாத்துவா?"

கோமதி உள்ளே போய் வெள்ளித் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு எல்லாம் வைத்துக் கொண்டுவந்தாள். ஒத்திகைபோல அவன் அதைக் கையில் வாங்கினான். தட்டின் விளிம்பு விரலில் அழுந்தியதும் முகம் கோணிற்று. ஆனால் கீழே வைக்கவில்லை. "சும்மா வெயிட்டு பாக்கேன்" என்றான். அவன் புறங்கையால் தாங்கிப்பிடிக்க முயல்வதைத் தாரணி கண்டு, அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

எனக்கும் தம்பிக்கும் நடுவே, ஆவுடையப்பன் குடும்பத்தார் வந்து அமரவிருக்கும் இடத்தில், புதுப் பாய் விரித்துக்கிடந்தது. நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். முகம் கழுவினேன். கோமதி பின்னாலேயே வந்து, "என்ன செய்யுது உங்களுக்கு?" என்றாள். சூடு என்றேன்.

மே 5, திங்கள்

மார்ச் மாதத்து முதல் ஸ்லைடை எடுத்துக்கொண்டு ஷாகிதாவின் அறைக்குப் போனேன்.

அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே, "சார், கட்டியில சுத்தமா இல்ல. பக்கத்துல லிம்ஃபோசைட் எல்லாம் நல்லா பிடிச்சிருக்கு. இதுல என்ன ஐயம் வந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பரிசோதகனாக இருந்து தேர்வு நடத்தியவன்.

"நான் கையெழுத்துப் போடுதேன். ஏன் இத்தனை நாளாச்சுங்கத நீங்க எழுதணும் சார்."

எழுதினேன். இரண்டு வரிகளில் முடியும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் ஆயிற்று. அந்த வாக்கியத்துக்குரிய பொத்தானையும் அழுத்தினேன்.

செல்வினுக்கு நானே தொலைபேசினேன். "மாத்திரையை இன்னைக்கே நிறுத்தச் சொல்லிருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். சார் என்று சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். வீட்டில் வடிவும் அவர்கள் மகள் பவித்ராவும் இருப்பார்கள். தனியே பேச வேண்டும் என்றேன். "அப்ப வண்டியில போவோம். நீ ஓட்டு. என்னால ஸ்டீயரிங் பிடிக்க ஏலாது" என்றான். கற்பவர் இருக்கையில் நான், பக்கத்தில் அவன். அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆசிரியருக்கானது. பாளையங்கோட்டைச் சாலையில் ஆளில்லாத பகுதியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கட்டியில் இரண்டு புரதங்கள் இல்லை. மார்ச்சிலேயே தெரியும். அந்த மாத்திரையால் உனக்குப் பயனில்லை என்பதும் தெரியும். ஆவுடையப்பன் கூட்டத்தில் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக நிறுத்திவைத்தேன்.

வண்டி சட்டென்று நின்றது. நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்தது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை.

அவன் காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றி, வெடித்த பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பயந்துட்டியோ?" என்றான். "ஓட்டுதவன்கிட்ட சொல்லாம மிதிச்சா இப்படித்தான் இருக்கும். வேலைக்கு வார பயலுவளுக்கு மொத நாளே இதைத்தான் சொல்லுவேன். பிரேக் உன் காலுக்குக் கீழ இருக்குங்கதுக்காக வண்டி உன்னோடது ஆயிராதுன்னு."

நான் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லத் தொடங்கினேன்.

"இரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? தாரணி நிச்சயம் முடியட்டும்ல, அதுவரைக்கும் கொஞ்சம் முழுங்குன்னு. முழுங்கியிருப்பேன். அவ என் பிள்ளைதான. சிரிச்சுக்கிட்டே முழுங்கியிருப்பேன்."

ஒரு லாரி எங்களைக் கடந்து ஹாரன் அடித்துப் போயிற்று. அவன் கேட்டான்:

"அப்ப பவித்ராவுக்கு?"

"உனக்கு ரத்தத்துல உறுதியாச்சுன்னா, பாதிக்குப் பாதி."

"அவ இருபத்தொண்ணு." விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் முழுங்குனது போவட்டும்ணே. அவளுக்கும் சேத்துல்லா நீ பிரேக் போட்டிருக்க."

திரும்பும் வழியில் ஜங்ஷன் அருகில், "கிளட்ச்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டாத" என்றான். அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

கூட்டத்தில் செல்வின் அறிக்கையை வாசித்தார். என் ஒரு பக்க விளக்கத்தையும் வாசித்தார். நானே கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஆவுடையப்பன் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "உங்க குடும்பத்து நோவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல டாக்டர். எங்க வீட்டுலயும் சக்கரை, பிரஷர்னு எல்லாம் இருக்கு. நாளைக்கு எம் மருமகளுக்கு ஊசி குத்தி டெஸ்ட் பாக்கணும்னா நீங்க சொல்லுத வார்த்தையைத்தான நான் நம்பணும்? அதான் யோசிக்கேன். நாளைக்கு வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் கோமதி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தாரணியிடம் என் அறையில் வைத்துச் சொன்னேன். அவள் ஹரிஹரனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த ஜூஸ் உள்ள இறங்கும்போது சித்தப்பா கண்ணுல தண்ணி வரும்ப்பா. நான் தொடச்சு விடுவேன். வீட்டுக்கு வந்தா, தம்பி எப்படி இருக்கான்னு கேப்பிய. நான் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கேன் உங்ககிட்ட."

கேட்டிருக்கிறேன். சொல்லியிருக்கிறாள்.

மே 12, திங்கள்

தம்பி, நான் இருவரும் இரத்தம் கொடுத்தோம். தகப்பனார் இறந்த வயதை எட்டியபோதாவது நான் குடல் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும். பிறருக்கு அதை நான் எழுதிக்கொடுக்காத வாரமில்லை.

தாரணி கொடுக்கவில்லை. "எனக்கு எப்போ தெரியணும்னு தோணுதோ அப்போ குடுக்கேன். நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள். அது அவள் உரிமை. விதியும் அதுவே.

மே 26, திங்கள்

தம்பிக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது. வடிவு இப்போது எனக்குக் காபி கொடுப்பதில்லை. கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

முடிவு வந்தது. தம்பிக்கு உண்டு. எனக்கும் உண்டு.

பவித்ரா நாளைக்கே தன் இரத்தத்தைக் கொடுக்கப்போவதாகத் தம்பி சொன்னான். என்னிடம் கேட்டுச் சொல்லவில்லை; தெரிவித்தான்.

ஜூன் 24, செவ்வாய்

எனக்குக் குடல் பரிசோதனை. மயக்கம் தெளிந்தபோது, சிறு கட்டி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம் என்றார்கள். பார்வைக்குச் சாதுவாகத் தெரிகிறது. திசுவைப் பார்த்தால்தான் தெரியும்.

நர்ஸ் கதவைத் திறந்து, "பிரமநாயகத்துக்குச் சொந்தக்காரங்க யாரு?" என்றார். வெளியில் தம்பி எழுந்து நின்றது படுத்திருந்த எனக்குத் தெரிந்தது. நான் அவனை அழைத்திருக்கவில்லை. கோமதி அழைத்திருக்க வேண்டும்.

என் திசு போட்ட சிறு பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்கள். விரல்களில் புதுத் தோல் வந்திருக்கிறது. குழந்தையின் தோல்போல இளஞ்சிவப்பாக. மூடி தளர்வாக இருந்ததுபோலும். அதைத் திருகி இறுக்கினான். ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"ஃபார்மலின் முங்குத அளவு இருக்காண்ணே?" என்று என்னிடம் காட்டினான்.

"இருக்கு."

"ஷாகிதா மேடம் கையிலதான குடுக்கணும்?"

"ஆமா."

டிரைவிங் ஸ்கூல் காரில் தாரணி ஓட்டினாள். பக்கத்தில் அவன், பாட்டிலை இரு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டு. பின்னிருக்கையில் நான் கோமதியின் தோளில் சாய்ந்து படுத்திருந்தேன். மேம்பாலம் இறங்குகையில் முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று திரும்பிற்று.

"பிரேக் போடுதேன், தாரணி" என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் மிதித்தான்.